கெஃபிர் மணிகளுக்கு ஓய்வு கொடுப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வாரம் வெளியூர் போகிறேன். கெஃபிர் மணிகளை என்ன செய்வது?

பதில்: கெஃபிர் மணி என்பது பாலைப் புளிக்க வைத்து கெஃபிர் என்ற பானமாக்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்த சிறு கட்டி. வடிகட்டிய மணிகளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, புதுப் பால் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி மணிக்கு ஒரு தம்ளர் பால் தாராளம். குளிரில் நொதிப்பது மெதுவாகுமே தவிர நிற்காது, அதனால் சாப்பாடு வேண்டும். வாரம் ஒருமுறை பால் மாற்ற ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இரண்டு வாரம் தாங்கும். மூடியை இறுக்காதீர்கள், ஈஸ்ட் வாயு விடும். திரும்பி வந்ததும் முதல் ஒன்றிரண்டு தடவை சுவை சரியாக வராது. பயப்படாமல் குறைந்த பாலில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் வைக்க வேண்டுமே?

பதில்: அப்படியானால் காய வைப்பதுதான் என் கட்சி. ஆறவைத்த கொதிநீரில் ஒருமுறை அலசி, துணியில் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் பரப்புங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளில் மஞ்சளாகிக் கெட்டிப்படும். வெயிலும் வேண்டாம், ஓவன் அடுப்பும் வேண்டாம், சூட்டில் நுண்ணுயிர்கள் செத்துவிடும். பிறகு பால் பவுடரில் புதைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடியை இறுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான். மறுபடி பாலில் போட்டு எழுப்பும்போது தினமும் பால் மாற்றுங்கள், ஒரு வாரம்கூட ஆகலாம்.

கேள்வி: அலசச் சொல்கிறீர்களே, தினமும் கழுவலாமா?

பதில்: கூடாது. அந்த வழவழப்பு அழுக்கு இல்லை, கெஃபிரான். பாக்டீரியா உண்டாக்கும் சர்க்கரைச் சங்கிலி. மணியின் உடம்பே அதுதான்.

கேள்வி: ஐந்து வருடமாகக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறேன். ஒன்றும் ஆகவில்லை!

பதில்: சாகவில்லை, சரி. பெருகியதா?

கேள்வி: அதே அளவில்தான் இருக்கிறது. அதனால் என்ன?

பதில்: நன்றாக இருக்கும் மணி வாரக்கணக்கில் பெருகிக்கொண்டே போகும், யாருக்குக் கொடுப்பது என்று தவிக்க வேண்டும். உங்களுடையது ஐந்து வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மேல் எனக்குச் சந்தேகம். பாதியைக் கழுவி, பாதியைக் கழுவாமல், ஒரே பாலில் தனித்தனியாக ஒரு மாதம் வளர்த்து எடை போட்டுப் பாருங்கள். நான் தோற்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: தண்ணீரில் போட்டு வைக்கலாமா?

பதில்: பட்டினி.

கேள்வி: பத்து நாள் வெளியூர்...

பதில்: முதல் பதில்தான். மூடியை இறுக்காதீர்கள்!

கேள்வி: மணியில் இளஞ்சிவப்புப் புள்ளி. கழுவினால் போகுமா?

பதில்: மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: மூடியை இறுக்கிவிட்டேன். இப்போது உப்பியிருக்கிறது.

பதில்: அப்பாடா, ஒருவராவது உண்மையைச் சொன்னீர்களே. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குளிராக இருக்கும்போதே, பாட்டிலைத் துணியால் சுற்றி, பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள்.