பூங்காவின் பெருமரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவையிலுள்ள மகள் வீட்டிற்கு வரும்போதெல்லாம் பேரனுடன் பூங்காவில் நடப்பது வழக்கம். "இருப்பதிலேயே பெரிய மரம் எது, அதற்கு எத்தனை வயது?" என்று அவன் கேட்கிறான். எதை வைத்துச் சொல்வது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உயரம், அடிமரத்தின் சுற்றளவு, கிளை விரிவு மூன்றையும் பார்க்க வேண்டும், ஒன்றில் முந்தும் மரம் மற்றொன்றில் பின்தங்கிவிடும். சுற்றளவிலிருந்து தொடங்குங்கள். தையல் டேப் 150 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் என்பதால், தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் (வனத்துறையினர் மார்பளவு உயரம் என்பது இதைத்தான்) கயிற்றைச் சுற்றி, பிறகு கயிற்றை அளந்துகொள்ளலாம். அடியில் பலகைபோல் வேர் புடைத்த மரங்களைப் புடைப்புக்கு மேலே அளக்க வேண்டும். விழுதூன்றிய ஆலைக் கயிறு கொண்டு அளப்பது வீண்வேலை என்பேன். அதன் நிழலை ஓரத்திலிருந்து ஓரம் நடந்து பார்ப்பதே பொருத்தம்.

உயரத்தை அளக்க ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டி, கண்ணுக்கும் பிடிக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளம் பிடிக்கு மேலே நிமிர்ந்து நிற்குமாறு குச்சியைப் பிடித்துக்கொண்டு, பிடி மரத்தின் அடியோடும் நுனி அதன் உச்சியோடும் ஒட்டித் தெரியும்வரை பின்னால் நகருங்கள். தரை சமமாக இருந்தால், அங்கிருந்து மரம்வரை உள்ள தூரமே ஏறத்தாழ அதன் உயரம்.

வயதுதான் சிக்கல். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரம் சில பத்தாண்டுகளிலேயே ஒருவர் கைக்கு அடங்காத அளவுக்குப் பருத்துவிடும். அதனருகே ஒல்லியாக நிற்கும் இலுப்பை அதைவிட மூத்ததாக இருக்கலாம். தேக்கில் தெளிவாக விழும் ஆண்டு வளையங்கள் நம் ஊர் மரங்கள் பலவற்றில் அப்படி விழுவதில்லை. ஆகவே, நட்ட ஆண்டு பதிவாகியிருந்தாலொழிய, பேரனிடம் வயதை உறுதியாகச் சொல்லாதிருப்பதே நேர்மை.

ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்கும் அவனை அழைத்துச் செல்லுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் மாலை மங்கும்வரை இருந்தால், சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிவதைக் காணலாம். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள சிறு புடைப்பில் நீர் இடம் மாறுவதால் நிகழ்வது அது. விழுந்து கிடக்கும் சிறு கிளையொன்றை எடுத்துக் காட்டினால் அந்தப் புடைப்பு வெறுங்கண்ணுக்கே தெரியும்.

அளவில் ஆசை வந்துவிட்டால், பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் சென்று கன்னிமாரா தேக்கைக் காட்டலாம். அதன் சுற்றளவு 6 மீட்டருக்கும் மேல். கயிறு அதற்கேற்ற நீளம் இருக்கட்டும்.