'பர்ஸைப் பறிகொடுத்தேன்': ஜப்பானியம், கொரியனில் செயப்பாட்டுவினை

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலைக்குப் படிக்கிறேன். கூடவே கொரியனும் கற்கிறேன். 'என் பர்ஸ் திருடப்பட்டது' என்பதை 'வதாஷி நோ சைஃபு கா நுசுமாரெமாஷிதா' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, 'இலக்கணம் சரி, ஆனால் பேச்சில் இப்படி வராது' என்று எழுதியிருந்தார். கொரியனிலோ எந்த வினைக்கு எந்த விகுதி என்றே பிடிபடவில்லை. செயப்பாட்டுவினையை எப்படித்தான் படிப்பது?

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. நாம் பள்ளியில் 'செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக' என்று படித்தவர்கள். செயப்படுபொருளைத் தூக்கி எழுவாய் இடத்தில் வைத்து, கடைசியில் 'பட்டது' சேர்ப்போம். அதே கணக்கை ஜப்பானியத்தில் போட்டால் பர்ஸ் எழுவாயாகிவிடும். ஜப்பானியர் காதில் அது, பர்ஸுக்கு என்ன ஆனது என்ற செய்தியாக ஒலிக்கும். உங்களுக்கு என்ன ஆனது என்பது அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? 'என் பர்ஸ் திருடப்பட்டது' என்றா? 'பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்துட்டேன்' என்றுதானே வாயில் வரும். ஜப்பானியத்துக்கு வேண்டியது இந்த வாக்கியம்தான். 'நான் திருடனிடம் பர்ஸைப் பறிகொடுத்தேன்' என்பதை 'வதாஷி வா தொரொபோ நி சைஃபு ஒ நுசுமாரெமாஷிதா' என்று வரிசை மாறாமல் வைக்கலாம். 'நான்' இருக்கும் இடத்தில் 'வதாஷி வா'. 'திருடனிடம்' என்பதற்கு 'தொரொபோ நி'. பர்ஸோடு வரும் 'ஐ' உருபுக்கு 'ஒ'. பர்ஸ் செயப்படுபொருளாகவே நிற்கிறது, பாதிக்கப்பட்ட ஆள் எழுவாய். ரயிலில் யாராவது காலை மிதித்தாலும் இதே அமைப்புதான்: 'ஆஷி ஒ ஃபுமாரெமாஷிதா'. கால் எழுவாயாகாது.

வடிவத்தில் பெரிய சிக்கல் கிடையாது. கக்கு (எழுது) 'கக்காரெரு' ஆகும், தாபெரு (சாப்பிடு) 'தாபெராரெரு' ஆகும். சுரு (செய்) 'சரெரு' என்றும், குரு (வா) 'கொராரெரு' என்றும் தனிவழி போகும். 'தாபெராரெரு' என்பதற்குச் 'சாப்பிட முடியும்' என்றும் பொருள் உண்டு; 'சென்செய் கா கொராரெமாஷிதா' என்றால் ஆசிரியர் வந்தார் என்ற மரியாதைப் பேச்சு. எது எதுவென்று தடுமாறினால் முதலில் 'நி' இருக்கிறதா, அது யாரைக் காட்டுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜப்பானியத்தில் செயப்படுபொருளே இல்லாத வினையும் செயப்பாட்டுக்குப் போகும். 'அமெ நி ஃபுராரெமாஷிதா' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்க வழியில்லை. மழை பெய்து நான் மாட்டிக்கொண்டேன் என்று பொருள். மழை என்மேல் ஏதோ செய்துவிட்டது, நான் அனுபவித்தேன் என்ற உணர்வு அந்த ஒரே வினைக்குள் இருக்கிறது. மகன் இறந்துபோன தாயை 'முசுகொ நி ஷினாரெதா ஹஹா' என்பார்கள். 'ஷினு' என்றால் சாவு, அதற்குப் போய் செயப்பாட்டா என்று தோன்றும். ஆனால் தமிழில் 'மகனைப் பறிகொடுத்த தாய்' என்று சொல்கிறோமே! பர்ஸுக்கு உதவிய அதே சொல் இங்கேயும் வந்து நிற்பதைப் பாருங்கள். இழப்பு யாருடையது என்பதைத்தான் இரண்டு மொழிகளும் பேசுகின்றன.

இந்த உணர்வு இருப்பதால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நண்பர் உதவினார் என்பதற்குத் 'தெத்சுதாவாரெமாஷிதா' என்று எழுதிவிடாதீர்கள். வேண்டாத உதவி வந்து தொந்தரவானது போல ஒலிக்கும். நன்மை கிடைத்தால் 'தெத்சுதாத்தே மொராய்மாஷிதா' என்பதே சரி. பாராட்டு வாங்குவதைச் சொல்லும் 'ஹொமெராரெரு' போன்றவற்றில் மட்டும் இந்தக் கசப்பு இல்லை. யாரோ கட்டியது, கண்டுபிடித்தது என்ற பொதுச் செய்திகளில் செய்தவரைக் காட்ட வெறும் 'நி' போதாது, 'நி யொத்தே' வேண்டும்.

சரி, கொரியனுக்கு வருவோம். அங்கே எல்லா வினைக்கும் பொருந்தும் ஒரே விகுதியைத் தேடாதீர்கள், கிடையாது. இ, ஹி, ரி, கி என்ற நான்கு விகுதிகள் குறிப்பிட்ட வினைகளோடு மட்டும் சேரும். பொதா (பார்) 'போயிதா' ஆகும், முல்தா (கடி) 'முல்லிதா' ஆகும். இவற்றை விதியாகப் படிக்காமல் தனிச் சொற்களாக மனப்பாடம் செய்வதே நல்லது. 'போயிதா'வை 'பார்க்கப்படுகிறது' என்று எழுதிக்கொள்ளாமல் 'கண்ணுக்குத் தெரிகிறது' என்று எழுதுங்கள். 'தில்லிதா' என்றால் 'காதில் விழுகிறது'. ஒரு சிக்கல்: 'போயிதா'வுக்குக் 'காட்டு' என்ற பொருளும் உண்டு, வாக்கியத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

'ஹாதா' (செய்) சேர்ந்து வரும் வினைகளில் தமிழருக்குக் கைகொடுக்க மூன்று சொற்கள் இருக்கின்றன. 'த்வேதா' நம் 'ஆகு', 'பாத்தா' நம் 'பெறு', 'தாங்ஹாதா' நம் 'படு'. கைதானான் என்றால் 'செபோத்வேதா', பாராட்டுப் பெற்றான் என்றால் 'சிங்சான்பாத்தா', அவமானப்பட்டான் என்றால் 'மாங்ஷின்தாங்ஹாதா'. பெயர்ச்சொல்லை வைத்துப் பக்கத்தில் துணைவினையைச் சேர்க்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. எது எதோடு சேரும் என்பதை மட்டும் அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிடிக்குள் வராத வினைகள் பலவற்றுக்கு 'ஒஜிதா' என்ற முடிவு இருக்கிறது: மாந்தில்தா (உருவாக்கு) 'மாந்திரொஜிதா' (உருவாகு) ஆகும்.

மழையை ஜப்பானியர் போலக் கொரியரால் செயப்பாட்டாக்க முடியாது. அவர்கள் 'பிரில் மாஜாத்தா' என்பார்கள். 'மாத்தா' என்றால் அடி வாங்குவது, மேலே படுவது. பர்ஸ் போனாலும் இதே 'மாத்தா'தான், முன்னால் திருடனைச் சேர்த்து 'தொதுங்மாத்தா' என்று ஒரே சொல்லாக. உங்கள் வாக்கியம் 'ஜிகாபில் தொதுங்மாஜாஸ்ஸொயொ' ஆகும். இங்கேயும் பர்ஸ் எழுவாய் இல்லை. 'ஜிகாபில்' என்பதன் கடைசியில் இருப்பது நம் 'ஐ' உருபுதான்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். திட்டு வாங்கினேன், நாயிடம் கடி வாங்கினேன், ஏமாந்தேன், மழையில் மாட்டினேன் என்று வீட்டில் பேசும் பத்து வாக்கியங்களை நோட்டில் இடப்பக்கம் எழுதுங்கள். 'பட்டது' என்று முடியும் வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். வலப்பக்கத்தில் ஜப்பானியம், அதன் கீழே கொரியன். அப்புறம் அந்தப் பக்கத்தை உங்கள் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.