எல்லாமே 'சேதம்'தானா?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் 2019 முதல் வாடகைக்கு இருந்தோம். இந்த மாதம் காலி செய்கிறோம். ஹவுஸ் ஓனர் கொடுத்த பட்டியலில் சுவர் சேதம், கதவு சேதம், பீரோ சேதம், வாஷ்பேசின் சேதம் என்று எல்லாமே சேதம்தான். அட்வான்ஸில் கழிப்பாராம். பதிலுக்கு நாங்களும் ஒரு பட்டியல் எழுத வேண்டும். 'சேதம்' என்பதற்கு வேறு என்னென்ன சொற்கள் உண்டு?

பதில்: பழுது, ஊறு, சிதைவு, பின்னம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அதனால் அட்வான்ஸில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. 'சேதம்' என்று எழுதினாலே 'யார் செய்தது?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். நல்லவேளை, நாம் அன்றாடம் புழங்கும் பல சொற்களுக்குள் காரணமும் அடங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட சொல்லாகப் பார்த்து எடுங்கள்.

சட்டத்துக்கும் காரணம்தான் முக்கியம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், வீட்டைக் குடிவந்தபோது இருந்த நிலையில் திருப்பித் தரச் சொல்கிறது. நியாயமான தேய்மானத்துக்கும், தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றத்துக்கும் அதில் விலக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு வரியும் தேய்மானமா, இயற்கையா, உங்கள் கைவேலையா என்பது படித்ததுமே தெரிய வேண்டும்.

முதலில் சுவர். தரைத்தளம், அதுவும் வேளச்சேரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் அதைத் தேதியோடு எழுதுங்கள்: 'வெள்ளநீர் நின்ற கறை, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை.' வெள்ளம் வராமலே அடிச்சுவர் ஈரமாக இருந்தால் அது ஓதம். ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் உப்பும், பிறகு பொரியும், கடைசியில் பூச்சோடு உதிரும். வெள்ளை வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் உப்பு பூத்திருக்கிறது என்போம். 'ஹால் தெற்குச் சுவர்: ஓதம் ஏறி, உப்பு பூத்து, பெயிண்ட் பொரிந்துள்ளது' என்று எழுதிவிட்டால், அதைக் குடியிருந்தவர் தலையில் கட்டுவது கஷ்டம்.

விரிசலை விரிசல் என்றே எழுதுங்கள், 'கீறல்' வேண்டாம். பானை கீறல் விட்டது என்றால் விரிசல், காரில் கீறல் என்றால் மேல்கோடு. இரண்டுக்கும் பொருந்தும் சொல்லைப் பட்டியலில் வைத்தால் வம்புதான். மேல்பூச்சில் மட்டும் ஓடுவது மயிரிழை விரிசல். நகம் உள்ளே போகிற அளவு பிளந்திருந்தால் அகலத்தையும் குறித்து வையுங்கள்.

படம் மாட்ட ஆணி அடித்த இடத்தை ஓனர் 'ஓட்டை' என்று எழுதியிருப்பார். அது துளை. தண்ணீர்த் தொட்டியில் இருந்தால்தான் ஓட்டை. கொசுவலையில் இருப்பது பொத்தல். வெயிலில் நைந்து விழுந்த பொத்தலா, பூனை கிழித்த கிழிசலா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மரக்கதவில் கவனம் தேவை. கரையான் தின்றது செல்லரிப்பு. உள்ளே வண்டு குடைந்து மாவாகக் கொட்டினால் உளுத்தது. நனைந்து நனைந்து பலம் போனது இற்றது. நம் பேச்சில் 'இத்துப்போச்சு'. ஈரத்தில் பிளைவுட் வீங்கினால் உப்பல். பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் சென்னையில் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பீரோவில் 'டொக்கு' விழுந்திருக்கிறது என்று பேசுகிறோம். எழுத்தில் ஒடுக்கு அல்லது நசுங்கல். ஃபேன் ஓடாவிட்டால் பழுது. சரிசெய்துவிடலாம் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வரும்போதே சரியாக மூடாத ஜன்னல் என்றால் 'முன்பே இருந்த குறை' என எழுதி, குடிவந்த நாளில் எடுத்த புகைப்படம் இருந்தால் கூடவே வையுங்கள்.

உங்கள் கையால் நடந்ததை மழுப்ப வேண்டாம், ஆனால் அளவோடு எழுதுங்கள். 'வாஷ்பேசின் உடைந்தது' என்றால் புது வாஷ்பேசின் கேட்பார். 'முன் ஓரத்தில் கால் அங்குலச் சில்லு பெயர்ந்துள்ளது, கசிவு இல்லை' என்றால் பேச்சு அந்தக் கால் அங்குலத்தோடு நிற்கும். 'லேசாக', 'பயங்கரமாக' போன்ற அடைமொழிகளை அடித்துவிடுங்கள். அங்குலக் கணக்கு போதும்.

பட்டியலில் அறை, இடம், குறை, அளவு, காரணம் என ஐந்து பத்தி போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, வீட்டைக் கூடவே நடந்து சரிபார்த்து, ஓனரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.