கதவுநிலைக்கு அப்பால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோமன் போலன்ஸ்கியின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ படம் பார்த்த சூட்டோடு, அதற்கு மூலமான ஐரா லெவினின் நாவலையும் வாசித்தேன். தன் வயிற்றுக் குழந்தைக்குச் சாத்தானை வழிபடும் ஒரு கூட்டம் குறி வைத்திருக்கிறது என்று கர்ப்பிணி ரோஸ்மேரி அஞ்சும் கதை. வசனம் உட்பட அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். பிறகு போலன்ஸ்கிக்கு இவ்வளவு பெயர் எதற்கு? கடைசியில் குழந்தையைக் காட்டாததும் ஏமாற்றம். நாவலில் கண், வால், நகம் எல்லாம் வருகிறதே.

அருண், திருச்சி

அன்புள்ள அருண்,

அப்படியேதான் எடுத்திருக்கிறார். நாவல் 1967, படம் 1968. போலன்ஸ்கிக்கு இதுதான் முதல் ஹாலிவுட் படம். ‘நியூயார்க்கர்’ பத்திரிகை விளம்பரத்தில் வந்த ஒரு சட்டையைப் பற்றி நாவலில் பேச்சு வரும். எந்த இதழ் என்று லெவினுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு விளம்பரமே கிடையாது, சும்மா எழுதியது என்று லெவின் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் கேமராவை எங்கே வைப்பது என்று எந்த நாவலும் சொல்லித் தராது. பக்கத்து வீட்டு மின்னி, ரோஸ்மேரியின் படுக்கையறைக்குள் போய் போன் பேசும் காட்சியை மறுபடி பாருங்கள். ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் முதலில் மின்னி நன்றாகத் தெரியும்படிதான் ஃப்ரேம் வைத்தார். போலன்ஸ்கி கேமராவை நகர்த்தச் சொன்னார். கதவுநிலை முகத்தை மறைத்துக்கொண்டது. தெரிவது முதுகு மட்டும். தியேட்டரில் அந்த இடம் வந்ததும் ஜனங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்தார்களாம். ஃப்ரேக்கரே சொன்னது.

லெவின் ரோஸ்மேரிக்குத் தெரிந்ததை மட்டுமே நமக்குச் சொல்கிறார். படத்திலும் கேமரா அவளை விட்டு நகர்வதில்லை. டெலிபோன் பூத்தில் அவள் தவிக்கும்போது வெளியே ஓர் ஆள் முதுகைக் காட்டி நிற்கிறான். அவளுக்கு வைத்தியம் பார்க்கும், அந்தக் கூட்டத்து ஆளான டாக்டர் சேப்பர்ஸ்டீன்தான் என்று அவளோடு சேர்ந்து நாமும் நடுங்குகிறோம். திரும்பினால் வேறு யாரோ. அந்த ‘யாரோ’ படத்தின் தயாரிப்பாளர் வில்லியம் கேஸில். நாவலின் உரிமையை வாங்கித் தானே இயக்க ஆசைப்பட்டவர். கடைசியில் பூத் வாசலில் நிற்கத்தான் கொடுத்து வைத்திருந்தது.

என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் கடைசித் தொட்டில் காட்சி அல்ல, அவளை முதலில் பரிசோதித்த டாக்டர் ஹில்லின் கிளினிக் காட்சிதான். நிறைமாதக் கர்ப்பிணி மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவர் பொறுமையாகக் கேட்கிறார், படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார். அவளும் நிம்மதியாகக் கண் மூடுகிறாள். அவர் நேரே புருஷனுக்குத் தகவல் சொல்லிவிடுகிறார். நல்ல மனுஷர்தான், சாத்தான் கூட்டத்து ஆளே இல்லை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இனி குழந்தை. போலன்ஸ்கிக்குச் சாத்தானில் நம்பிக்கை கிடையாது. எல்லாமே ரோஸ்மேரியின் மனப்பிரமையாக இருக்கவும் கூடும் என்ற சந்தேகத்தைக் கடைசிவரை விட்டுவைக்க நினைத்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வாலும் நகமுமாக ஒன்றைத் தொட்டிலில் கிடத்தினால் அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆகவே ஒரு ஜோடிக் கண்களை மட்டும் கணநேரம் நிழலாட விடுகிறார், அவ்வளவே. அதற்கே குழந்தையை முழுசாகப் பார்த்தேன் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

முழுசாகத்தான் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1997-ல் லெவினே ‘சன் ஆஃப் ரோஸ்மேரி’ என்று ஒரு தொடர்ச்சி எழுதினார். பிள்ளை முப்பது தாண்டிய ஆளாக, பக்கத்துக்குப் பக்கம் வந்து பேசுகிறான். வாசித்து முடித்ததும் எத்தனை இடத்தில் பயந்தீர்கள் என்று எழுதுங்கள்.