கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் சாப்பாடு: கேள்வி பதில்

ஒரு அம்மா: பையனுக்கு 15 வயது, 60 கிலோ. மாலை 5 மணிக்கு மேட்ச். எப்போது, என்ன கொடுக்கலாம்?

2 மணிக்கு முழுச் சாப்பாடு. கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து என்றால் 120 கிராம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம்தான் உண்டு. ஆக சுமார் 430 கிராம் சோறு. ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், கண்ணளவு ஏமாற்றும். எண்ணெயும் நார்ச்சத்தும் குறைவாக இருக்கட்டும். வயிற்றில் தங்கி, ஓடும்போது புரட்டும். 4 மணிக்கு ஒரு வாழைப்பழம். இடைவேளைகளில் குடிக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. சர்க்கரை இதற்கு மேல் போனால் வயிறு கலங்கும்.

பவர் ஃபார்வர்ட் இடத்தில் ஆடுபவர்: எந்த புரோட்டீன் பவுடர் நல்லது?

நாளுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். மூன்று வேளையும் 20 கிராம், இரவு ஒரு டம்ளர் பால்: 60 கிலோ பையனுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். முதலில் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

ஒரு கோச்: காலையில் வெறும் வயிற்றில் ஓடவிட்டால் கொழுப்பு கரையும், ஆள் இலகுவாவான். இதில் என்ன தப்பு?

கொழுப்பு எரிவது உண்மைதான். ஆனால் கூடைப்பந்து குட்டிக் குட்டி ஸ்பிரிண்ட்களின் ஆட்டம். முதல் சில நொடிகளுக்கு எரிபொருள் தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட், பிறகு கிளைகோஜன், அதாவது தசையில் சேர்ந்த மாவுச்சத்து. கொழுப்பு அந்த வேகத்துக்கு ஆற்றல் தராது. கிளைகோஜன் காலியானால் நான்காவது குவார்ட்டரில் கால் எழும்பாது.

அதே கோச்: மாரத்தான்காரர்கள் செய்கிறார்களே? எடையும் இறங்குகிறதே?

அவர்கள் வளர்ந்தவர்கள், பொறுக்கியெடுத்த மெதுவான ஓட்டங்களில் மட்டும் செய்கிறார்கள். எடை இறங்குவது முதலில் தண்ணீர்தான்: ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும்.

கணக்கு பாருங்கள். 50 கிலோ பெண், கொழுப்பு 20 சதவீதம், மீதி 40 கிலோ. சாப்பிடுவது 1800 கலோரி, பயிற்சியில் செலவு 700. மிஞ்சும் 1100-ஐ 40-ஆல் வகுத்தால் 27.5. கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு மிஞ்சும் இந்தக் கலோரி 45 பக்கம் இருக்க வேண்டும். நாட்கணக்கில் 30-க்குக் கீழே கிடந்தால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். மாதவிடாய் தள்ளும், முழங்காலுக்குக் கீழே கீறல் முறிவு வரும், வளர்ச்சி மந்தமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கென்றே 2014-இல் தனி அறிக்கை விட்டது. அந்தப் பெண்ணுக்குத் தேவை 2500 கலோரி. நீங்களோ காலைச் சாப்பாட்டையும் பிடுங்குகிறீர்கள்.

சென்டர் இடத்தில் ஆடுபவர்: பவுடர் பிராண்டு ஏதாவது?

மேலே இரண்டாவது பதில்.

ஷூட்டர்: மேட்சுக்கு முன் எனர்ஜி டிரிங்க்?

வேண்டாம். பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் அது ஆகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

ஒரு அப்பா: மகளுக்கு டைப் 1 சர்க்கரை. ஆடலாமா?

தாராளமாக. தொடங்கும்போது ரத்தச் சர்க்கரை (mg/dL அளவில்) 126 முதல் 180 வரை இருக்கட்டும். 90-க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, ஏறும்வரை காத்திருங்கள். வேக ஓட்டத்தில் சர்க்கரை ஏறலாம். அதைப் பார்த்துப் பதறி இன்சுலினை முழுசாகப் போட்டால், அன்றிரவு தூக்கத்தில் சரியும். ஆடிய நாளில் படுக்கும் முன் பாருங்கள், நடு இரவிலும் ஒருமுறை. இன்சுலின் அளவை அவளுடைய டாக்டரோடு முடிவு செய்யுங்கள்.

ரிசர்வ் பிளேயர்: முழங்கால் வலிக்கிறது, என்ன சாப்பிட?

அது எலும்பு டாக்டரிடம் கேட்க வேண்டியது.

பாயின்ட் கார்டு: வெயிட் ஏற பவுடர்?

இரண்டாவது பதில்.