ஆர்.என்.ஏ ஊசிக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய். சோஃபோஸ்புவிர் கலந்த மாத்திரையை 12 வாரம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். வைரஸ் பெருகுவதையே தடுக்கும் ஆர்.என்.ஏ ஊசி வரப்போகிறது என்று படித்துவிட்டு, அதுவரை பொறுக்கலாம் என்கிறார் அண்ணன். சரியா?

பதில்: பொறுக்க வேண்டாம். மாத்திரையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

அவர் படித்தது கட்டுக்கதை இல்லை. இந்த வைரஸின் மரபுப்பொருள், சுமார் 9,600 எழுத்துகள் (வேதி அலகுகள்) கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ இழை. அதோடு பொருந்தும் சின்ன ஆர்.என்.ஏ துண்டைச் செல்லுக்குள் அனுப்பினால், செல்லின் நொதியே வைரஸ் இழையை வெட்டிவிடும். 2003-இல் ஆய்வகச் செல்களில் இது நன்றாகவே பலித்தது. ஆனால் இந்த வைரஸ் நகலெடுக்கும்போது ஏகப்பட்ட பிழை விடும். குறிவைத்த இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே துண்டு சரியாக ஒட்டாமல் போகலாம்.

அப்புறம் வந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. நம் கல்லீரல் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ-122 என்றொரு மூலக்கூறு நிறைய இருக்கிறது. வைரஸ் அதைத் தன் இழையின் நுனியில் ஒட்டவைத்துக்கொண்டுதான் பெருகுகிறது என்று 2005-இல் தெரியவந்தது. வைரஸை விட்டுவிட்டு அந்தப் பிடிமானத்தை முடக்கினால்? மிராவிர்சென் என்ற ஊசி அதைத்தான் செய்தது. 36 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது: வைரஸ் அளவு நன்றாக இறங்கியது, ஆனால் ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குத் திரும்பி வந்தது. அதே வழியில் வந்த இன்னொரு மருந்து, சிலருக்கு மஞ்சள் காமாலை உண்டானதால் கைவிடப்பட்டது.

உங்கள் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த சோஃபோஸ்புவிரும் வைரஸின் ஆர்.என்.ஏ-வைத்தான் குறிவைக்கிறது. அது ஆர்.என்.ஏ எழுத்தைப் போலவே இருக்கும் போலி எழுத்து. வைரஸ் நொதி ஏமாந்து அதைக் கோத்ததும் இழை அங்கேயே நின்றுவிடும். இன்றைய கூட்டு மாத்திரைகளில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். தள்ளிப்போடும் காலத்தில் கல்லீரலில் வடுதான் கூடும்.

தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை அவசியம். சி அடங்கும்போது, ஒளிந்திருக்கும் பி கிளம்பக்கூடும். இதயத்துக்கான அமியோடரோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வேளைகூட விடக் கூடாது. முடித்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸ் தென்படாவிட்டால் குணம் என்று பொருள். ஏற்கெனவே கல்லீரல் சுருக்கம் இருந்தால், அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும்.