குண்டு எடைக் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: 'இத்தனை ஆயிரம் டன் குண்டு வீசினார்கள்' என்று படிக்கிறோம். அதை எடை போட்டது யார்? (பாம்பன் வாசகர்)

பதில்: தராசில் வைப்பதில்லை, பெருக்கிப் பார்ப்பதுதான். குண்டு போட்ட பயணங்கள், ஒரு விமானத்தில் ஏற்றிய குண்டுகள், ஒரு குண்டின் எடை ஆகிய மூன்றும் வேண்டும். வியட்நாம் போரில் பறந்த, கொள்ளளவு கூட்டிய அமெரிக்க பி-52டி குண்டுவீச்சு விமானத்தைப் பாருங்கள். வயிற்றில் 500 பவுண்டு குண்டு 84, இறக்கைக்கு அடியில் 750 பவுண்டு குண்டு 24. மொத்தம் 60,000 பவுண்டு, அதாவது 27 மெட்ரிக் டன் சொச்சம்.

பிழை பெரும்பாலும் பயணக் கணக்கில்தான் நுழைகிறது. மேகம் மூடினாலோ இன்ஜின் கோளாறு செய்தாலோ விமானம் சுமையோடு திரும்பும்; சில நேரம் குண்டுகளைக் கடலில் உதிர்த்துவிட்டு இறங்கும். கடலுக்குப் போன படகுகளை மட்டும் எண்ணி மீன்பாடு சொல்ல முடியுமா? இலக்கில் போட்டதாகப் பதிவான பயணங்களை மட்டும் எடுங்கள்.

அடுத்தது, எந்த டன்? அமெரிக்கப் பதிவில் பொதுவாக 2,000 பவுண்டு (907 கிலோ). பிரிட்டிஷ் பதிவில் 2,240 பவுண்டு (1,016 கிலோ). இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை போட்டது சுமார் 9,55,000 டன். அமெரிக்க டன்னில் அதுவே ஏறக்குறைய 10,70,000. மாற்றாமல் கூட்டினால் லட்சம் டன்னுக்கு மேல் காணாமல் போகும்.

கேள்வி: வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கா கம்போடியாவில் போட்ட குண்டு 27 லட்சம் டன் என்று ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் 5 லட்சம் என்கிறார். எதை நம்புவது? (தொண்டி வாசகர்)

பதில்: 5 லட்சத்தை. 27 லட்சம் 2006-ல் வெளியானது. கணினிப் பதிவில் இருந்த எடைகள் தவறு என்று தெரிந்ததும், சொன்ன ஆய்வாளர்களே பின்னால் குறைத்துக்கொண்டார்கள். நாமே சோதிக்கலாம். பி-52டி முழுச் சுமை 30 அமெரிக்க டன். 27 லட்சத்தை 30-ஆல் வகுத்தால் 90,000 பயணம். 1965 முதல் 1973 வரை வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றுக்கும் சேர்த்தே பி-52கள் பறந்தது சுமார் 1,26,000 பயணம்தான். அதில் பத்தில் ஏழு கம்போடியாவுக்கு மட்டும் போயிருக்க வேண்டும்! சிறிய போர் விமானம் ஒன்று ஒரு பயணத்தில் சுமந்ததோ பி-52 சுமையில் ஒரு சிறு பங்குதான். எந்தப் பெரிய எண்ணையும் இப்படி விமானமாக்கிப் பாருங்கள். பொருந்தாதது உடனே தெரியும்.

கேள்வி: 15,000 டன் குண்டு போட்டால் ஒரு ஹிரோஷிமாவுக்குச் சமமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: இல்லை. ஐஸையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்து மீன் எடை என்று எழுதுவது போன்றது அது. ஹிரோஷிமாவின் 15,000 டன் என்பது டி.என்.டி. வெடிமருந்தின் அளவு. 227 கிலோ 'மார்க் 82' குண்டில் மருந்து 87 கிலோதான், மீதி பெரும்பாலும் எஃகு. 15,000 டன் குண்டில் மருந்து 5,700 டன் அளவுக்கே வரும். அந்த மருந்து டி.என்.டி.யைவிட வீரியம் கூடியது என்றாலும் பாதியைத் தொடாது.

போட்டதெல்லாம் வெடித்ததும் இல்லை. அதே போர்க் காலத்தில் லாவோஸில் அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் போட்டது. அதில் கொத்துக்குண்டுகளும் (ஒரு கூட்டுக்குள் பல சிறு குண்டுகளை அடைத்து, வானில் சிதறவிடுபவை) உண்டு. அவற்றிலிருந்த 27 கோடிக்கும் அதிகமான சிறு குண்டுகளில் 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை. மண்வெட்டி பட்டு அவை இன்றும் வயலில் வெடிக்கின்றன.